வட்டம் முதல் அட்டை வரை

பாண்டி மண்டலக் கடற்கரை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டு. அரசன் குதிரையேறி வருகிறான். எதிரே ஓர் அயல்நாட்டு வணிகன். அவன் கையிலே வாள் இல்லை, வேல் இல்லை. துணைக்கு ஆள் இல்லை, அடியாள் இல்லை. தரையிலே ஒரு கோடு கிழிக்கிறான். அந்தக் கோட்டை அரசனையும் அவன் ஏறியிருந்த குதிரையையும் சுற்றி இழுத்து, வட்டமாக முடிக்கிறான். அரசன் நின்றுவிட்டான்! வணிகனுக்குத் தரவேண்டிய தொகைக்கு வழி செய்யும் வரையில், மணிமுடி தரித்த அந்த மன்னன் மண்ணிலே கீறிய அந்தக் கோட்டைத் தாண்டவில்லை.

வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, மாபார் என்று அராபியர் அழைத்த நமது கடற்கரையிலே தன் கண்ணால் கண்டதாகச் சொன்ன செய்தி இது. கடன் கொடுத்தவன் பலமுறை கேட்டும், வாங்கியவன் நாளை நாளை என்று நாள் கடத்தினால், அவனைச் சுற்றி வட்டம் போட்டுவிடலாம். பணம் தராமலோ பிணை தராமலோ அந்த வட்டத்தைத் தாண்டுவோனுக்கு மரண தண்டனை. அரசனுக்கும் அதே சட்டம் — இப்படி எழுதிவைத்தார்கள் அவன் சொல்லக் கேட்டு.

யாத்திரிகன் சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று நாம் கொள்வதில்லை. வேதவாக்கையே அப்படிக் கொள்ளாதவர்கள் நாம். என்றாலும் இந்தக் கதையிலே நம்மை நிற்கவைக்கும் பொருள் ஒன்று உண்டு. அந்த வட்டத்துக்குள் வசவு இல்லை. அடி இல்லை. வீட்டுப் பெண்களை இழிவாகப் பேசும் வாய் இல்லை. கடன் பட்டவன் நின்றான். கடன் கொடுத்தவன் காத்திருந்தான். இருவருக்கும் நடுவே சட்டம் ஒரு கோடாகக் கிடந்தது. தண்டுவோன் கைக்கும் ஓர் எல்லை உண்டு, தருவோன் கால்களுக்கும் ஓர் எல்லை உண்டு என்ற ஏற்பாடு அது.

இந்த வட்டத்துக்கு மிக முன்னரே, வேறொரு ஏற்பாட்டை ஏட்டிலே எழுதிவைத்திருந்தார்கள். மனுதர்மத்தின் எட்டாம் அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள் தோழர்களே! மாத வட்டி எவ்வளவு என்று கேட்டால், மனு உடனே விடை சொல்லவில்லை. நீ எந்த வருணம் என்று திருப்பிக் கேட்கிறார். பிராமணனா, நூற்றுக்கு 2. க்ஷத்திரியனா, 3. வைசியனா, 4. சூத்திரனா, 5! ஆண்டுக்குக் கணக்கிட்டால் ஒருவனுக்கு நூற்றுக்கு 24, மற்றவனுக்கு 60. யாருக்கு வருவாய் குறைவோ அவனுக்கு வட்டி அதிகம். யாருக்குத் தானமும் மானியமும் தேடிவந்து சேர்ந்தனவோ அவனுக்கு வட்டியிலும் சலுகை. திருப்பித் தர முடியாமற்போனால்? தாழ்ந்த வருணத்தான் உடலுழைப்பால் கடனைத் தீர்க்கவேண்டும். உயர்ந்த வருணத்தான் மெல்ல மெல்லத் தரலாம்! ஒருவனுக்கு அடிமைத்தனம், ஒருவனுக்குத் தவணை. ஒரே கடன், ஒரே தொகை. பிறப்பு மட்டுமே வேறு.

கடனைத் தண்டும் வழிகளையும் மனு ஐந்தாக அடுக்குகிறார். நயமாகக் கேட்பது, வழக்காடுவது, சூழ்ச்சி செய்வது, வழக்கத்தில் உள்ள முறையைக் கையாள்வது, ஐந்தாவதாக வலிமையைக் காட்டுவது. நான்காவதாகச் சொன்ன அந்த "வழக்கத்தில் உள்ள முறை" என்ன என்று உரையாசிரியர்கள் விளக்கிய இடத்தில்தான், பின்னாளில் தர்ணா என்று பெயர் பெற்ற பழக்கத்தின் நிழல் தெரிகிறது. கடன் கொடுத்தவன் வாசலிலே வந்து உட்காருவான், உண்ண மாட்டான். அவன் பட்டினி கிடந்து மாண்டால் பாவம் யாருக்கு? உள்ளே இருப்பவனுக்கு! உட்கார்ந்திருப்பவன் பிராமணனாக இருந்துவிட்டால் பிரம்மஹத்தி தோஷம். ஏழேழு பிறவிக்கும் தீராது என்ற அச்சம். ஆகவே தானே வரமுடியாத கடன்காரர்கள் பிராமணரைக் கூலிக்கு அமர்த்தி வாசலில் உட்காரவைத்ததும் உண்டு.

ஆண்டவனையே வசூல் ஆளாக்கிய அதிசயம்! கம்பெனி அரசு, காசி வட்டாரத்திலே இதைத் தடுக்க 1795-இல் தனியாக ஒரு சட்டமே கொண்டுவர நேர்ந்தது. 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 508-ஆம் பிரிவு, தெய்வத்தின் சீற்றத்துக்கு ஆளாவாய் என்று நம்பவைத்து ஒருவனைப் பணியவைப்பது குற்றம் என்றது. அதற்கு எடுத்துக்காட்டாகச் சட்டமே சொல்வது, வாசலில் தர்ணா இருப்பதைத்தான். அந்தப் பழைய சட்டம் போய், 2024 சூலை முதல் புதிய நியாயச் சட்டம் வந்த பிறகும், 354-ஆம் பிரிவாக அது நீடிக்கிறது. அச்சத்தை முதலாகப் போட்டுப் பணத்தை அறுவடை செய்வது நம் நாட்டிலே எத்துணைப் பழைய தொழில் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மேல்நாட்டான் மட்டும் யோக்கியனா என்று கேட்போர் கேட்கட்டும். இல்லை, அங்கும் இல்லை. உரோமாபுரியின் பன்னிரண்டு பலகைச் சட்டம், தீர்ப்புக்குப் பின் 30 நாள் தவணை தந்தது. அதற்குள் கடனைத் தராதவனை 60 நாள் விலங்கிட்டு வைக்கலாம், பிறகு விற்றுவிடலாம், கடன் கொடுத்தோர் பலராயின் அவன் உடலையே கூறு போடலாம் என்று எழுதியது. தன் உடலையே பிணையாக எழுதிக் கொடுக்கும் அந்த முறை ஒழிய, மக்கள் கொதித்தெழுந்து, கி.மு. 326-இல் ஒரு சட்டம் வரவேண்டியிருந்தது. அதற்கும் முன்பே, கி.மு. 594-இல், ஏதென்சு நகரத்துச் சோலோன், உடலைப் பிணையாக வைத்த கடனெல்லாம் செல்லாது என்று அறிவித்துவிட்டார். அதிலும் ஒரு வேடிக்கை: அறிவிப்பு வரப்போவதை முன்னதாக அறிந்த அவருடைய நண்பர்கள் சிலர், கடன் வாங்கி நிலங்களை வாங்கிக்கொண்டார்களாம்! சீர்திருத்தம் வருமுன்னே அதன் செய்தி செல்வரின் செவிக்குப் போய்விடுவது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல.

இங்கிலாந்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில் நமக்கு வந்து சேர்ந்த நீதிமன்ற முறையும் கடன் சட்டமும் அங்கிருந்து வந்தவை.

இலண்டனிலே, தேம்சு ஆற்றின் தென்கரையிலே, மார்சல்சீ என்றொரு சிறை. கொலைகாரனுக்கான சிறையன்று; கள்ளனுக்கானதும் அன்று. அங்கே அடைபட்டோரிற் பெரும்பாலோர் கடன்பட்டோர். கடனைக் கட்டும் வரையில் உள்ளே இரு என்பது சட்டம். உள்ளே இருப்பவன் எப்படிச் சம்பாதிப்பான்? சம்பாதிக்காதவன் எப்படிக் கட்டுவான்? கட்டாதவன் எப்படி வெளியே வருவான்? சின்னக் குழந்தைக்கும் தோன்றும் இந்தக் கேள்வி, சிம்மாசனத்துக்குத் தோன்றப் பல நூற்றாண்டு ஆயிற்று. போதாக்குறைக்கு, சிறையிலே இருப்பதற்கும் வாடகை! சிறைக் கட்டணம் என்ற பெயரிலே புதுக்கடன் ஏறும். பழைய கடன் தீர்ந்தாலும் அந்தப் புதுக்கடனுக்காக உள்ளேயே கிடக்க நேரும். பணம் உள்ளவனுக்கு நல்ல அறை, நல்ல உணவு. இல்லாதவனுக்கு நெரிசலும் பட்டினியும். 1729-இல் நாடாளுமன்றக் குழு ஒன்று உள்ளே சென்று பார்த்தபோது, மார்சல்சீயிலே மனிதர்கள் பசியால் செத்துக்கொண்டிருந்ததைக் கண்டது.

1824 பிப்ரவரியிலே அந்தச் சிறைக்குள் சென்றார் ஒரு கடற்படை அலுவலக எழுத்தர். ரொட்டிக்காரருக்கு அவர் தரவேண்டிய பாக்கி 40 பவுனும் 10 சில்லிங்கும். மனைவியும் இளைய பிள்ளைகளும் அவரோடு சிறையிலேயே குடியேறினர். பன்னிரண்டு வயது மகன் வெளியே நின்றான்; படிக்கவேண்டிய வயதிலே, செருப்புக்குப் பூசும் கருமைப் புட்டிகளுக்குத் தாள் ஒட்டும் வேலைக்குப் போனான். அந்த மகன்தான் சார்லஸ் டிக்கன்ஸ். உலகமே வியக்கும் எழுத்தாளராக உயர்ந்த பின்னரும், அந்த நாட்களைப் பற்றி நெருங்கிய நண்பர் ஒருவரிடம் மட்டுமே மனம் திறந்தார். பிள்ளைகளுக்குக்கூட அவர் இறந்த பின்னரே தெரியவந்தது. குற்றம் செய்யாத சிறுவன், அப்பனின் ரொட்டிக் கடனுக்காக ஆயுள் முழுதும் வெட்கத்தைச் சுமந்தான். பாட்டியார் இறந்து கிடைத்த சொத்தும், கடன்பட்டோர்க்கான விடுதலைச் சட்டமும் கைகொடுத்துத் தந்தை மூன்று மாதத்தில் வெளியே வந்தார். மகனின் நெஞ்சிலிருந்து அந்தச் சிறை வெளியேறவே இல்லை.

அதே இலண்டனிலே, நாடாளுமன்ற உறுப்பினரைக் கடனுக்காகக் கைது செய்ய முடியாது என்பதும் சட்டமாக இருந்தது! ரொட்டிக் கடனுக்கு எழுத்தர் உள்ளே. கணக்கற்ற கடனுக்குச் சீமான் சபையிலே. 1842-இல் மார்சல்சீ மூடப்பட்டது. 1869-ஆம் ஆண்டுச் சட்டம் கடனுக்காகச் சிறையிலிடுவதைப் பெரும்பாலும் ஒழித்தது. சதர்க் பகுதியிலே அதன் மதிற்சுவர் ஒன்று மட்டும் இன்றும் நிற்கிறது.

சுவர் விழுந்தது. ஆனால் சுவரில்லாத சிறை ஒன்றை இருபதாம் நூற்றாண்டு கட்டியது; அதைச் சட்டைப் பையிலே வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிறிதாகவும் கட்டியது.

1950-இல் நியூயார்க்கிலே உணவு விடுதிகளில் கையெழுத்திட்டுச் சாப்பிட ஓர் அட்டை வந்தது. அது மாதம் முடிந்ததும் முழுத் தொகையையும் கேட்ட அட்டை. உண்மையான திருப்பம் 1958 செப்டம்பரில். கலிபோர்னியாவின் பிரெஸ்னோ என்னும் ஊருக்குப் பேங்க் ஆப் அமெரிக்கா ஏறத்தாழ 60,000 அட்டைகளை அஞ்சலில் அனுப்பியது. யாரும் கேட்கவில்லை, யாரும் விண்ணப்பிக்கவில்லை. காலையிலே கதவைத் திறந்தால் கடன் காத்திருந்தது! முழுவதையும் கட்டத் தேவையில்லை, சிறு பகுதி கட்டினால் போதும், மீதிக்கு வட்டி — இதுதான் அந்த அட்டையின் உயிர்நிலை. கணக்குகளில் நூற்றுக்கு 4 தவறும் என்று வங்கி எண்ணியிருந்தது, தவறியவை 22. கோடிக்கணக்கில் நட்டம். பாடம் கற்றார்களா? கற்றார்கள் — கடனைக் குறைக்கவேண்டும் என்றல்ல, தண்டும் துறையைப் பெருக்கவேண்டும் என்று. கேட்காதவருக்கு அட்டை அனுப்புவதை அமெரிக்கா 1970-இல்தான் தடை செய்தது.

வட்டிக்கு அந்நாட்டு மாநிலங்கள் பலவற்றிலே உச்சவரம்பு இருந்தது. 1978-இல் அங்குள்ள உச்சநீதிமன்றம், வங்கி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்து வட்டியையே நாடெங்கும் வாங்கலாம் என்று தீர்ப்பளித்தது. பிறகென்ன? 1980-இல் தெற்கு டக்கோட்டா மாநிலம் வரம்பையே நீக்கியது. நியூயார்க்கின் பெரிய வங்கி ஒன்று தன் அட்டைத் தொழிலை மூட்டை கட்டிக்கொண்டு அங்கே குடியேறியது. குறைந்த கூலிக்கு ஆலை இடம்பெயர்வதை நாம் கண்டிருக்கிறோம். கூடுதல் வட்டிக்கு வங்கி இடம்பெயர்ந்த கதை இது.

தண்டும் ஆட்களின் கொடுமையை எதிர்த்து 1977-இல் அங்கே சட்டம் வந்தது. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 9 மணிக்குப் பின்னும் அழைக்காதே. போலீஸ் என்று பொய் சொல்லாதே. சிறைக்கு அனுப்புவேன் என்று மிரட்டாதே. இந்தக் கடன் என்னுடையதா என்று எழுதிக் கேட்டால் சான்று காட்டு. நல்ல சட்டம். இருந்தும் அதற்குப் பின்னே வளர்ந்த வாணிபத்தைப் பாருங்கள்! வராத கடன்களை வங்கி கட்டுக்கட்டாக விற்கும். வாங்குவோர் வாங்கித் தண்டுவார்கள். அமெரிக்க அரசின் வாணிப ஆணையம் 2013-இல் ஆய்ந்தபோது, 100 காசுக் கடனுக்குச் சராசரியாக 4 காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று கண்டது. நாலு காசுக்கு வாங்கியவன் நூறு காசும் கேட்டு நள்ளிரவுக் கனவிலும் வந்து நிற்கிறான். நாணயத்தைப் பற்றி நமக்கு உபதேசமும் செய்கிறான்!

இனி நம் ஊர்.

ஈட்டிக்காரன் என்ற சொல்லை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். தண்டல்காரர், கந்துவட்டி, மீட்டர் வட்டி என்று பெயர்கள் மாறின. தமிழ்நாட்டு அரசு 2003-இல் கொள்ளை வட்டியைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. அட்டைக் கடனின் கதை வேறு. அங்கே வட்டி சட்டப்படியே ஓடுகிறது. நூற்றுக்கு 30-க்கு மேல் ஆண்டு வட்டி வாங்குவது முறையற்ற வாணிபம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னது. அதை உச்சநீதிமன்றம் 2024 டிசம்பரில் தள்ளிவிட்டது. ஆகவே கணக்கை நாம்தான் போட்டுப் பார்க்கவேண்டும்.

50,000 ரூபாய் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். வட்டி மாதத்துக்கு நூற்றுக்கு மூன்றரை. ஒரு மாத வட்டி 1,750. அந்த வட்டிக்கு நூற்றுக்கு 18 வீதம் வரி, 315. குறைந்தபட்சம் கட்டவேண்டியது 5 பங்கு என்றால் 2,500. கட்டிவிட்டான் நம் தம்பி. கடமை முடிந்தது என்று நிம்மதிப் பெருமூச்சும் விட்டான். கடன் குறைந்தது எவ்வளவு? 435 ரூபாய்! புதிதாக ஒரு பொருளும் வாங்காமல் மாதம் 2,500 ரூபாயே விடாது கட்டிவந்தால், கடன் தீர 44 மாதம். கட்டும் மொத்தம் ஏறத்தாழ 1,08,000. அதே தம்பி எப்படியோ வயிற்றைக் கட்டி மாதம் 5,000 கட்டினால் 14 மாதத்தில் முடியும். மொத்தம் ஏறத்தாழ 66,000. இடையிலே உள்ள 42,000 ரூபாய், "குறைந்தபட்சம்" என்ற அந்த இனிய சொல்லின் விலை. பட்டியலிலே அந்தச் சொல்லின் அருகேயே எச்சரிக்கை அச்சிடவேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டிருக்கிறது. நம்மவர் படிப்பது தொகையை மட்டும்.

ஆகவே அட்டை பல இருந்தால், வட்டி மிகுந்ததை முதலில் அடைப்பது. மற்றவற்றுக்குக் குறைந்தபட்சத்தை விடாமல் கட்டுவது. அதுவரை அட்டையைப் பெட்டியிலே பூட்டுவது. வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ ஆண்டுக்கு நூற்றுக்கு 12, 15 என்று கடன் கிடைக்குமானால், அதைப் பெற்று நூற்றுக்கு 42-ஐ அடைப்பது அறிவுடைமை. செல்பேசிச் செயலியிலே ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் கடனைப் பெற்று அட்டைக் கடனை அடைப்பது, கிணற்றிலிருந்து ஏறிக் கடலிலே குதிப்பது.

வாங்கிய கடனைத் தராதே என்று நாம் சொல்லவில்லை. தருவது மானம். ஆனால் தர முடியாதவனின் மானத்தைப் பறிக்க எவனுக்கும் உரிமை இல்லை என்பதே நம் வாதம். காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கடன் கேட்டு அழைக்கக்கூடாது; மிரட்டக்கூடாது; உறவினரையும் நண்பரையும் அழைத்து அவமானப்படுத்தக்கூடாது; ஆள் செய்யும் அக்கிரமத்துக்கு வங்கியே பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2022-இல் மீண்டும் அறுதியிட்டுச் சொன்னது. குண்டர்களை ஏவிக் கடன் தண்டுவதை 2008-இலேயே உச்சநீதிமன்றம் கண்டித்திருக்கிறது. சிறைக்கு அனுப்புவேன் என்கிறானா? 1980-இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அளித்த தீர்ப்பு, வெறும் இயலாமைக்காக ஒருவனைச் சிறையிலிட முடியாது, வைத்துக்கொண்டே வஞ்சிப்பவனுக்குத்தான் அது என்று சொல்லிற்று. காசோலை கொடுத்து அது திரும்பினால் மட்டும் சட்டம் வேறு. அதில் குற்ற வழக்கே வரும், அசட்டையாக இருக்கலாகாது.

வாசலில் ஒருவன் வந்தால் நாம் கேட்கவேண்டியது: நீ யார்? வங்கி உன்னை அனுப்பியதற்குத் தாள் எங்கே? அடையாளச் சீட்டு எங்கே? அவன் குரலை உயர்த்தினால் நாம் தாழ்ந்துவிடவேண்டியதில்லை. தேதியும் நேரமும் குறித்துக்கொண்டு வங்கிக்கு எழுத்திலே முறையிடவேண்டும். 30 நாளில் நியாயம் கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதவேண்டும். பணத்தை அவன் கையிலே கொடாமல் கணக்கிலே கட்டவேண்டும். குறைத்துக்கொள்கிறோம், பாதி கட்டு என்று பேசினால், கட்டுமுன் அதை வங்கியின் கடிதமாகப் பெறவேண்டும். அப்படி முடித்த கடன், கடன் தகவல் ஏட்டிலே "சமரசம்" என்று பதியும். முழுதும் தீர்த்ததாகப் பதியாது. அந்த ஏட்டின் மதிப்பெண் குறைந்தவனுக்கே அடுத்த கடனுக்குக் கூடுதல் வட்டி. இல்லாதவனுக்கு 5, இருப்பவனுக்கு 2 — எங்கேயோ கேட்ட கணக்கல்லவா?

இவ்வளவும் தெரிந்திருந்தும் இளைஞர்கள் ஏன் அஞ்சுகிறார்கள்? பக்கத்து வீட்டுக்காரன் என்ன நினைப்பான் என்பதுதான். தர்ணா இருந்தவன் பாவத்தைக் காட்டி அச்சுறுத்தினான். இன்றையவன் பழியைக் காட்டி அச்சுறுத்துகிறான். அந்த அச்சத்துக்கு உயிரையே விலையாகக் கொடுத்த வீடுகள் உண்டு. வீட்டாரிடம் கடனைச் சொல்லிவிட்ட அன்றைக்கே தண்டுவோன் கையிலிருந்த ஆயுதத்திற் பாதி பறிபோகிறது. மறைத்துவைக்கும் வரையில்தான் "உன் அப்பாவிடம் சொல்வேன்" என்ற மிரட்டலுக்கு மதிப்பு.

கடன் தீர்ந்ததும் பத்திரத்தை வாங்கிக் கிழித்துப் போடுவது நம் கிராமத்து வழக்கம். அட்டைக்குப் பத்திரம் இல்லை. ஆகவே "பாக்கி இல்லை" என்ற கடிதத்தைக் கேட்டுப் பெறவேண்டும். ஓரிரு மாதம் கழித்துக் கடன் தகவல் ஏட்டை வரவழைத்துப் பார்க்கவேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகவே தருகிறார்கள். தீர்த்த கடன் தீராததாக அதிலே நின்றால் முறையிடவேண்டும். 30 நாளுக்குள் திருத்தவில்லை என்றால், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்குத் தரவேண்டும் என்பது 2023-இல் வந்த விதி. கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் கடன்காரன் என்ற ஒரே பெயரை வைத்திருக்கிறது நம் மொழி. முப்பத்தோராம் நாள் காலையிலே அந்த வங்கி நமக்குக் கடன்காரன். போய்க் கேட்கலாம், காலை 8 மணிக்கு மேல்.